ஜேம்ஸ் அண்ணனைக் கேட்டுச் சொல்லவும்

திருமுல்லைவாயில்
11-6-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சாமுண்டீஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் துப்பாக்கியும் சுகமா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

நான் பிளஸ் டூ பாஸ். உயிரியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் லேத் கம்பெனி முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வீட்டுக்கு வந்து, மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். நர்ஸ் படிப்பு என்றேன். எனக்கு நீட்டிய மிட்டாயைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

"கண்டவனுக்குப் பீ மூத்திரம் வார்றதுக்கா உன்னிய படிக்க வெச்சேன்?" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது வார்டில் கூடவே இருந்தது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் வருவது நம் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் போவது மாதிரி. எல்லோரும் எழுந்து நிற்போம், காற்று அடிக்கும், போய்விடும். நின்று போகிற வண்டி நர்ஸ் அக்காதான். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா அழுதபோது அவர் திட்டவில்லை. அதைக் கழற்றாமலே பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. எக்ஸ்ரே படித்தால் கரண்டு பட்டுக் கர்ப்பப்பை காய்ந்துவிடும் என்கிறார் எதிர்வீட்டு வேம்புலியம்மாள். பிசியோதெரபி என்றால் உருவிவிடுவது, அதற்கு எதற்குப் படிப்பு, பால்கார துலுக்கானம் சும்மாவே சுளுக்கு எடுக்கிறானே என்கிறார் அப்பா. லேப் டெக்னீஷியன் என்றதும் பாட்டிலில் என்ன வரும் என்று விசாரித்து அதையும் தள்ளிவிட்டார். அவருக்குப் பிடித்தது பார்மசி ஒன்றுதான். ஸ்டேஷன் பக்கம் 'சாமுண்டீஸ்வரி மெடிக்கல்ஸ்' என்று போர்டு மாட்ட இடமே பார்த்து வைத்துவிட்டார்.

கடைசியில் சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டினார். துப்பாக்கி பிடித்து முறைத்துக்கொண்டு நிற்கிறீர்களே, அது. "என் தம்பி சொல்லட்டும். அவன் சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்றார். ஆகவே என் வாழ்க்கை உங்கள் கையில். நர்ஸ் படிக்கட்டும் என்று அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சாமுண்டி

*

முகாம், 56 ஏ.பி.ஓ.
27-6-1989

சாமுண்டிக்குச் சித்தப்பா வீராசாமியின் ஆசிகள்.

நான் சுகம். துப்பாக்கியும் எங்கிருந்தாலும் சுகமாகவே இருக்கும். அண்ணியை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்க வேண்டாம் என்றும் சொல்.

நீ பாஸ் பண்ணியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நர்ஸ் வேலை உனக்கு வேண்டாம்.

எனக்கு இந்த ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் தெரியாது. இங்கே என் அறையில் ஜேம்ஸ் என்று ஒரு நண்பன் இருக்கிறான், நாகர்கோவில் பக்கம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்சிங் வேலை பார்க்கிறான். ஆமாம், பட்டாளத்தில் ஆண்களும் அந்த வேலை பார்க்கிறார்கள். அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜேம்ஸ் சொல்கிறான், ராத்திரி பகல் கிடையாது, நின்று நின்று கால் வீங்கிவிடும். நோயாளி திட்டுவான், அவன் சொந்தக்காரன் அதற்கு மேல் திட்டுவான், டாக்டர் இங்கிலீஷில் திட்டுவார். எழ முடியாமல் கிடப்பவனை வேளாவேளைக்குப் புரட்டி, முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் முதுகு புண்ணாகிவிடும். அந்த விரிப்பையும் ஆளைக் கட்டிலிலிருந்து இறக்காமலே மாற்ற வேண்டும். பழையதை நீளவாக்கில் அவன் முதுகு வரைக்கும் சுருட்டி, பக்கத்திலேயே புதியதைப் பாதி விரித்து, அவனை மெதுவாக அந்தச் சுருட்டலைத் தாண்டி உருட்டி, மறுபக்கம் போய் இழுத்துவிட்டால் தீர்ந்தது. சரியாகச் செய்தால் தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான். காலையில் விழித்து, புது விரிப்பின் வாசனையில் ஒரு சிரிப்பு சிரிப்பான் பார், அதற்கு என்ன கொடுத்தாலும் தகும். காய்ச்சல்காரனுக்கு உடம்பு துடைப்பதில் இன்னொரு வித்தை இருக்கிறது.

மூன்று பக்கம் போய்விட்டது. ஜேம்ஸ் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். சுருக்கமாகச் சொன்னால், மிகவும் கஷ்டமான வேலை. நீ பார்மசி படி.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

அன்புடன்
வீராசாமி

*

திருமுல்லைவாயில்
6-7-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை, என் ஒருத்தியின் மனசைத் தவிர. அம்மா அரிவாள்மணையை மேஜைமேல் வைத்து நறுக்கிப் பார்த்தாள். இப்போது விரலில் கட்டு.

உங்கள் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். வேண்டாம் என்ற வரியை இரண்டாம் தடவை எழுந்து நின்று படித்தார். "பாத்தியா, எல்லையில கீறவனுக்கே தெரியுது" என்றார். அதன்பிறகு கடிதத்தில் ஜேம்ஸ் அண்ணன் வந்தார். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"ஆம்பளையா பொறந்து பட்டாளத்துக்குப் போயி, மூத்திரப் பீங்கான் கயுவிகினு கீறானா? அய்ய, பாவம். அந்தப் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். அதோடு விடவில்லை. "நம்ம வீராசாமி மேரி துப்பாக்கி புடிச்சா ஊடு தேடி வந்து குடுப்பாங்கோ" என்று சொல்லி, கையோடு உங்கள் போட்டோவை இன்னொரு பிரதி எடுத்து வேப்பம்பட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அங்கே சண்முகசுந்தரம் என்பவரின் பெண் கஸ்தூரி. பால்வாடியில் டீச்சர். லட்சணமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். வாழ்த்துகள், சித்தப்பா.

என் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். என்னைத் தடுப்பதற்காக எழுதியது மாதிரி தெரியவில்லை. பாய்மேல் தம்பியைப் படுக்கவைத்து, அந்த விரிப்பு வித்தையைச் செய்து பார்த்தேன். அவன் சுவரில் போய் முட்டிக்கொண்டான். எந்தத் தோளைப் பிடித்து உருட்ட வேண்டும்? ஜேம்ஸ் அண்ணனைக் கேட்டுச் சொல்லவும். காய்ச்சல்காரனைத் துடைக்கும் வித்தையையும் கேட்டுச் சொல்லவும்.

பார்மசி விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் அப்பா. நர்ஸிங் பள்ளிக்கு நான் அனுப்பியது அவருக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு அப்பா கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் நீங்கள் மனம் மாற வேண்டும்.

சாமுண்டி

*

முகாம், 56 ஏ.பி.ஓ.
2-8-1989

சாமுண்டிக்கு ஆசி.

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். அந்தப் போட்டோவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் சொல். அது பயிற்சியின்போது எடுத்தது. மீசை கூடச் சரியாக வரவில்லை.

ஜேம்ஸைப் பற்றி அண்ணன் சொன்னதை அவனிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தூரத்துத் தோள், தூரத்து இடுப்பு. உன் பக்கமாக இழுத்து உருட்ட வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் சுவரில்தான் முட்டுவான்.

பார்மசி படி.

வீராசாமி

*

திருமுல்லைவாயில்
10-8-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சுகம், சுகமறிய ஆவல், எல்லாம் வழக்கம்போல. அம்மாவின் விரல் ஆறிவிட்டது. தம்பி இப்போது சுவரில் முட்டுவதில்லை. தூரத்துத் தோளைப் பிடித்ததும் உருண்டு வந்து அப்படியே தூங்குகிறான்.

ஒரு சங்கடமான சேதி. வேப்பம்பட்டிலிருந்து உங்கள் போட்டோ திரும்பி வந்துவிட்டது. குடும்பத்தில் குறை ஒன்றுமில்லையாம். அந்தப் பெண்தான் போட்டோவைப் பார்த்துவிட்டு, துப்பாக்கிக்கு முன்னாடி நிற்கிறவரைக் கட்டிக்கொண்டு தினமும் ரேடியோவில் செய்தி கேட்டுப் பயந்துகொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம். "இவனுக்கே இல்லன்னா ஜேம்ஸ் கதி இன்னாவது?" என்று அப்பா வருத்தப்பட்டார். ஜேம்ஸ் அண்ணன் சாப்பிடாத விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை.

போன லீவில் நீங்கள் வந்தபோது அம்மா குழாயடியில் மயங்கி விழுந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரயிலுக்கு நேரமாகிறது போலிருக்கிறது என்று நினைத்து, எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது. போன வாரம்தான் ஒரு நர்ஸிங் புத்தகத்தில் நாடி பார்க்கும் படம் பார்த்தேன். கோபம் போய்விட்டது. வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

கீழே இருப்பது ஜேம்ஸ் அண்ணனுக்கு. அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அன்புள்ள ஜேம்ஸ் அண்ணனுக்கு, வணக்கம். எங்கள் அப்பா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாமல் வேளாவேளைக்குச் சாப்பிடவும். அவர் வாய்தான் அப்படி. ஒரே ஒரு கேள்வி. நான் எந்தப் படிப்பு படித்தால் நல்லது என்று சித்தப்பாவைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன். மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் நீங்கள் எதைப் படிப்பீர்கள்? உங்கள் பதிலை நான் அப்பாவிடம் காட்ட மாட்டேன், சத்தியம்.

சாமுண்டி

*

முகாம், 56 ஏ.பி.ஓ.
24-8-1989

அன்புள்ள சாமுண்டிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிப்பதை ஜேம்ஸே செய்கிறான். நீ அவனுக்குக் கடிதம் எழுதியதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு யாரும் அப்படி எழுதியதில்லை. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"பார்மசி நல்ல படிப்பு. லேபும் நல்லதுதான். மாத்திரையில் பிசகு வந்தாலும் சோதனையில் பிசகு வந்தாலும் உயிர் போகும், அதனால் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை விழுங்க மாட்டேன் என்று ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த இடத்தில் பார்மசி முடிந்துவிடும், அதன்பிறகு நம் வேலை. கால் எடுத்த ஒரு சிப்பாய் என்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான். நான் கொடுத்த கஞ்சியை என் சட்டையிலேயே கொட்டினான். அவன் ஊருக்குப் போன அன்றைக்கு ரயிலடியில் என் கையை விடவே இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது, நானும் கூடவே ஓட வேண்டியதாகிவிட்டது. எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாலும் எனக்கு இதே வேலைதான். எனக்குக் கூச்சம் வேலையில் இல்லை, ஊரில் சொல்வதில்தான். சாமுண்டியால் இது முடியும். ஏழு வயதிலேயே வேப்பிலைக் கஷாயத்தை அவள் தம்பிக்கு மூக்கைப் பிடிக்காமல் குடிக்க வைத்தவள் அவள்."

இந்தக் கஷாயக் கதை ஜேம்ஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நான் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வருகிறேன். அண்ணனிடம் நேரிலேயே பேசுகிறேன். சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எல்லைக்கு அனுப்பினால் போய்விடுவேன், அண்ணன் எதிரில் வாயைத் திறக்கத்தான் எனக்குத் தைரியம் வர வேண்டும்.

வீராசாமி

*

திருமுல்லைவாயில்
1-9-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பதறாமல் படிக்கவும். அப்பாவுக்குக் குடலிறக்கம். கம்பெனியில் தனியாளாக ஒரு மோட்டாரைத் தூக்கினாராம். இரண்டு ஆள் தூக்குவதை ஏன் தூக்கினீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "என் தம்பி மிலிட்டரி" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். ஆண்கள் வார்டில் ராத்திரி துணைக்கு ஆண்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். தம்பி சின்னவன். நீங்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள்.

நேர்முகத் தேர்வுக் கார்டும் வந்துவிட்டது, இருபத்தெட்டாம் தேதி. அப்பா கண்ணில் படும்படி அலமாரிமேல் வைத்தேன். பார்த்தார். அதன்மேல் பார்மசி விண்ணப்பத்தை வைத்துவிட்டார்.

சாமுண்டி

*

முகாம், 56 ஏ.பி.ஓ.
26-9-1989

சாமுண்டிக்கு ஆசிகள்.

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதம் நாக்பூர் வரைக்கும் வந்தது. அண்ணன் இன்னும் மாடிப்படி ஏறக் கூடாது. இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்.

நாளை மறுநாள் உன் நேர்முகத் தேர்வு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். அண்ணன் வந்தாரா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. தப்பு என்னுடையது. பேசுகிறேன், பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, லீவு முழுக்க மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும்தான் பேசினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆபரேஷனுக்கு மறுநாள் அண்ணன் விரிப்பெல்லாம் நனைந்துவிட்டது இல்லையா? நர்ஸ் அம்மா அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் யோசித்துச் செய்யவில்லை சாமுண்டி, கை பாட்டுக்குச் செய்துவிட்டது. விரிப்பை மாற்றி, அண்ணனைத் துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, மூலையை மடித்துச் செருகி நிமிர்ந்த பிறகுதான் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அதன்பிறகு அந்த வார்டுக்காரர்கள் என்னைச் சும்மா விடவில்லை. ஒருத்தர் தலையணையை உயர்த்தச் சொன்னார், இன்னொருத்தர் தண்ணீர் கேட்டார். நானும் போய்ப் போய்ச் செய்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் வேம்புலியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். என் கையில் மூத்திரப் பீங்கான். "இன்னா வீராசாமி, மிலிட்டரிக்காரன் கையில இன்னாப்பா இது?" என்று வார்டே கேட்கும்படி கேட்டார். நீ உடனே, பட்டாளத்தில் எல்லா வேலையும் கற்றுக்கொடுப்பார்கள் என்று சமாளித்தாய். நன்றி. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

ரயில் ஏற்றிவிட ஸ்டேஷன் வரைக்கும் உன் தம்பிதான் வந்தான். கிளம்பும்போது அண்ணன் காலைத் தொட்டேன், தலையில் கை வைத்தார். அவர் ஏதாவது சொன்னாரா? போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறதா? அவருக்கு நான் தலைகுனிவாகிவிட்டேன் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. என்மேல் உள்ள கோபத்தை உன் படிப்பில் காட்ட வேண்டாம் என்று அவர் காலில் விழுந்து கேட்பேன்.

வீராசாமி

*

திருமுல்லைவாயில்
15-10-1989

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சாமுண்டி வணக்கம். இந்தக் கடிதம் அப்பாவுடையது. தையல் இழுக்கிறது, உட்கார்ந்து எழுத முடியாது என்று படுத்துக்கொண்டே சொல்கிறார், நான் எழுதுகிறேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.

தம்பி வீராசாமிக்கு அண்ணன் கன்னியப்பன் சொல்லிக்கிறது இன்னான்னா, நான் சொகமா கீறேன். தையலு ஆறிகினு வருது. நீ சொன்ன மேரியே இருமச்சொல்ல தலகாணிய அணைச்சிகினு இருமறேன். உன் அண்ணி ராஜம்மாவும் அவ முட்டியும் சொகம்.

நான் சொல்றதெல்லாம் உனுக்கு இல்ல. உன் சிநேகிதன் ஜேம்ஸுக்கு. அவன்கிட்ட படிச்சிக் காட்டு.

தம்பி ஜேம்ஸு, ஆஸ்பத்திரில என் தம்பி எனுக்குப் பணிவிடை செஞ்சான். எல்லாம் நீ அவனுக்குக் கத்துக் குடுத்ததுன்னு நெனைக்கிறேன். துணி நனைஞ்சி கெடக்கச்சொல்ல எனுக்கு உசுரே போச்சி. நான் தூக்கி வளத்த புள்ள மின்னாடி இப்டி கெடக்கறமேன்னு. வலிக்கும்னு பல்லக் கடிச்சிகினு இருந்தேன். வலிக்கவே இல்லபா. எப்ப புரட்டினான், எப்ப மாத்தினான்னே தெரியல. நான் இருவத்தாறு வருசமா லேத்துல நிக்கிறவன். ஒருத்தன் டூலைப் புடிக்கச்சொல்லவே அவன் எத்தினி வருசம் வேலை செஞ்சவன்னு சொல்லிடுவேன். அந்தக் கை நேத்து கத்துக்கின கை இல்ல.

(இங்கே அப்பா திரும்பிச் சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்தார். அதை எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.)

அப்பால வேம்புலி வந்து கேட்டா. நான் கண்ண மூடிகினேன். தூக்கம் வர்ல, சொம்மா மூடிகினேன். அத்த நெனச்சாதான் தையலவிட ஜாஸ்தி நோவுது. அந்தப் பையன் அன்னிக்கி இன்னா நெனச்சானோ.

ஜேம்ஸு, உனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு நான் ஒருவாட்டி கேட்டுட்டேன். தப்பு. படிக்காதவன் வாயி. நானே உனுக்குப் பொண்ணு பாத்துட்டேன். வேப்பம்பட்டு சண்முகசுந்தரம் பொண்ணு கஸ்தூரி. நானே நேருல போனேன். அந்தப் பொண்ணுக்கு மாப்ள மேல ஒன்னியும் கொறை இல்ல, துப்பாக்கிதான் வேணான்ட்டுது. துப்பாக்கி இல்லம்மா, ஆஸ்பத்திரில ஒடம்பு முடியாதவங்கள பாத்துக்கற வேலைன்னேன். அப்டின்னா போட்டோ காட்டுங்கன்னு கேட்டுது.

அவன் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனாச்சேன்னு ராஜம்மா ஒரே பேஜார். அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லன்னு சொல்லிட்டேன். எப்டி இல்லன்னு அவளுக்குப் பிரியல. உனுக்குப் பிரியும்.

சொவுத்துல போட்டோ அங்கியேதான் கீது. அத்தக் கயட்ட மாட்டேன். ஷோக்கா கீற.

இப்படிக்கு
அண்ணன் கன்னியப்பன்

சித்தப்பா, இனி நான். அப்பா குளிக்கப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் அப்பா தானாகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "பொண்ண சேக்கறதுக்கு" என்றார். பார்மசி விண்ணப்பத்தின்மேல் அன்றைக்குக் காலையில் இட்லி வைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள், அம்மாவின் தாலியைப் பற்றிச் சொன்னேன். உன் குடும்பத்தில் இந்த வேலையில் யாராவது இருக்கிறார்களா என்று நடுவில் இருந்த பெண்மணி கேட்டார். பின்னால் நாற்காலி நகர்ந்தது. அப்பா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"என் தம்பி. மிலிட்டரில நர்ஸ்" என்றார்.

உங்கள் போட்டோவைக் காட்டித் தெருவுக்கெல்லாம் சொல்வாரே, அதே குரலில் சொன்னார். வரும் வழியில் வேம்புலியம்மாளிடமும் சொன்னார். அவர் உடனே, நீங்கள் அடுத்த லீவுக்கு வரும்போது தனக்கு ஊசி போட முடியுமா என்று கேட்டார்.

நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மிட்டாய் டப்பா திரும்பத் திறந்துவிட்டது.

ஜேம்ஸ் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்லவும்.

சாமுண்டி

*

முகாம், 56 ஏ.பி.ஓ.
30-10-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வீராசாமி வணங்கி எழுதுவது. நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நிஜமாகவே நலம் என்று எழுதுகிறேன்.

கடிதத்தை ஜேம்ஸிடம் படித்துக் காட்டினேன். பாதியில் அவனால் கேட்க முடியவில்லை, வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தைக் கேட்டான். உங்கள்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேப்பம்பட்டுப் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் தனக்கும் சம்மதம் என்று சொல்லச் சொன்னான். அண்ணியிடம் மதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னான். அவன் ஆடி மாசம் நம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவன்.

சாமுண்டிக்கு என் கைக்கடிகாரத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வினாடி முள் இருக்கிறது, நாடி பார்க்க வசதி. ரயிலுக்கு நேரம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

வேப்பம்பட்டுக்குக் காட்ட ஒரு போட்டோ இதோடு இருக்கிறது. வார்டில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கையில் தெர்மாமீட்டர். ஜேம்ஸ் பார்ப்பதற்கு என்னைப் போலவேதான் இருப்பான், அவர்கள் குழம்ப வேண்டாம்.

தங்கள் தம்பி
வீராசாமி
நர்சிங் அசிஸ்டென்ட்